பச்சைப் பெட்டிக்குள் யார் பிலிம்?

மேசைமேல் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. மஞ்சள் பெட்டி கோடக் அல்ட்ராமேக்ஸ் 400. பச்சைப் பெட்டி புஜிபிலிம் 400. மூன்றாவதும் புஜிதான், ஜப்பானியச் சந்தைக்கென்று வரும் சுப்பீரியா பிரீமியம் 400. அடுத்த மாதம் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது, இருபது ரோல் வாங்க வேண்டும். மூன்றும் ஒரே விலை இல்லை. கடைக்காரர் தன் பங்குக்கு, "புஜி என்றால் பச்சை எடுப்பாக வரும் சார், கோடக் என்றால் மஞ்சள் தூக்கலாக இருக்கும்" என்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதை மறுத்திருக்க மாட்டேன். இன்று "அமெரிக்கத் தயாரிப்பு" என்று அச்சிட்ட பச்சைப் பெட்டியை எடுப்பவர், புஜி பெயரில் கோடக்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

இதை நான் படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். நண்பர்கள் நடுவே ஒரு ஸ்கேனைக் காட்டி, "இந்த வாழையிலைப் பச்சையைப் பாருங்கள், புஜியைத் தவிர வேறு யாராலும் முடியாது" என்று அடித்துச் சொன்னேன். அன்று மாலை நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்தபோது துளைகளுக்குக் கீழே கோடக் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. உறை மாறிவிட்டது. அந்தப் பச்சையைத் தந்தது பிலிம் அல்ல, ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம். அதன்பின் ஸ்கேனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன்.

மிச்சம் இருக்கும் சாட்சிகள் எவை, எதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று பார்த்துவிட்டு இருபது ரோலுக்கு வருகிறேன்.

ஒரு பிலிமை யார் செய்தார் என்று கேட்கும்போது நாம் அறிய விரும்புவது, அதை யார் பூசினார் என்பதைத்தான். மெல்லிய பிளாஸ்டிக் அடித்தளத்தின் மேல் பத்துக்கும் மேற்பட்ட ஜெலட்டின் அடுக்குகளை, கும்மிருட்டில், மைக்ரான் கணக்குத் தவறாமல் பூசுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அப்படிப் பூசி வரும் சுருள் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமானது. அதை 35 மில்லிமீட்டராக அறுத்து, துளையிட்டு, கேசட்டில் சுற்றி, பெட்டியில் போடுவதெல்லாம் அடுத்த வேலை. அதைச் சிறிய நிறுவனங்களும் செய்யலாம். பெட்டியில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர் அதைக்கூடச் செய்திருக்க வேண்டியதில்லை.

வண்ண நெகட்டிவ் பிலிமை இன்று பூசக்கூடிய இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஈஸ்ட்மன் கோடக். ஜப்பானில் புஜியின் அஷிகாரா ஆலை. இங்கிலாந்தின் மோபர்லியில் ஹார்மன். இவர்கள் கறுப்பு வெள்ளையில் பழுத்தவர்கள், 2023 டிசம்பரில் பீனிக்ஸ் 200 மூலம்தான் வண்ணத்துக்கு வந்தார்கள். ஜெர்மனியில் பழைய அக்பாவின் மிச்சத்திலிருந்து எழுந்த இனோவிஸ்கோட், சிறிய அளவில். சீனாவின் பாவோடிங்கில் லக்கி. மூடப்பட்டவற்றின் பட்டியல் இதைவிட நீளம்: லெவர்குசனின் அக்பா, இத்தாலியின் பெர்ரானியா, ஜப்பானின் கோனிகா. வண்ணத்தோடு கறுப்பு வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் 'இந்து' பெயரில் பிலிம் தந்த நம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் அதில் உண்டு.

பூசுபவர்கள் இவ்வளவு குறைவு என்பதுதான் நமக்கு இருக்கும் மிகப் பெரிய வசதி. விலக்கிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் மிஞ்சும். வண்ண நெகட்டிவ் பெட்டியில் "அமெரிக்கத் தயாரிப்பு" என்று இருந்தால் அது ரோச்செஸ்டர். அமெரிக்காவில் வேறு யாரும் இதைப் பூசுவதில்லை. பெட்டி பச்சையாக இருந்தாலும், லோமோகிராபி என்ற பிலிம் விற்கும் நிறுவனத்தின் பெயர் தாங்கி வந்தாலும் ஊற்று ஒன்றுதான்.

ஆனால் இந்தச் சாட்சியின் எடை ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழைய பெட்டி ஒன்றில் "ஜப்பான் தயாரிப்பு" என்று இருந்தால் புஜி, கோனிகா இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கோனிகா மினோல்டா இந்தத் தொழிலைவிட்டு விலகுவதாக 2006 ஜனவரியில் அறிவித்தது. 2007க்குப் பின் அதே சொற்கள் பெரும்பாலும் புஜியைத்தான் குறிக்கும். "இத்தாலி" என்று இருந்தால் பெர்ரானியா. மேலைநாட்டுப் பல்பொருள் அங்காடிகள் சொந்தப் பெயரில் விற்ற மலிவு பிலிம்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. "ஜெர்மனி"தான் சங்கடம். 2005 வரை அது அக்பா. அதற்குப் பிந்தைய பெட்டியில் அந்தச் சொல், பிலிம் அங்கே வெட்டிச் சுற்றப்பட்டது என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாது.

அக்பாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெயர் வேறு, பொருள் வேறு என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் இல்லை. அக்பா-கெவர்ட் 2004இல் தன் பிலிம் பிரிவை அக்பாபோட்டோ என்று தனியாகப் பிரித்து விற்றது. மறு ஆண்டே அது நொடித்துப்போனது. ஆலை போயிற்று, பெயர் மட்டும் உரிமமாக விற்பனைக்கு வந்தது. 2010களில் இங்கிலாந்தின் பவுண்ட்லேண்ட் கடைகளில் ஒரு பவுண்டுக்கு ஒரு ரோல் கிடைத்ததே, அந்த அக்பாபோட்டோ விஸ்டா பிளஸ் 200, ஜப்பானில் பூசப்பட்ட புஜி சி200. புஜியைவிட அக்பாவின் சிவப்புதான் தனக்குப் பிடிக்கும் என்று அந்த ரோலைக் காட்டிப் பேசியவர்கள் பலர் இருந்தார்கள். சிரிக்க எனக்கு உரிமை இல்லை, வாழையிலை நினைவிருக்கிறது.

இல்போர்டு என்ற பெயரும் இப்படித்தான். இல்போர்டு கறுப்பு வெள்ளை பிலிமைச் செய்வது மோபர்லியின் ஹார்மன். இல்போகலர் என்று வரும் வண்ணப் பிலிமை விற்பது அந்த ஆலையோடு தொடர்பில்லாத இன்னொரு நிறுவனம். ஒரே பெயரின் உரிமை இரண்டு வீடுகளில் இருக்கிறது.

ஏன், மஞ்சள் பெட்டியே அவ்வளவு நேரானது இல்லை. கோடக் 2012இல் திவால் பாதுகாப்புக்குப் போனபின், 2013 முதல் புகைப்படப் பிலிமை விற்கும் உரிமை கோடக் அலாரிஸ் என்ற வேறு நிறுவனத்திடம் போனது. ஈஸ்ட்மன் கோடக் பூசியது, அலாரிஸ் விற்றது. 2025 அக்டோபரில் ஈஸ்ட்மன் கோடக் கோடகலர் 100, 200 என்று இரண்டு பிலிம்களை நேரடியாகக் கடைக்கு அனுப்பியது. உடனே, இவை ஏற்கெனவே விற்கும் ப்ரோ இமேஜ் 100ம் கலர்பிளஸ் 200ம்தானா என்ற விவாதம் கிளம்பியது. கோடக்கே கோடக்கின் மறுபெயரோ என்று கேட்கவேண்டிய காலம் இது.

பெட்டிக்கு அடுத்த சாட்சி, நிறுவனம் வெளியிடும் தொழில்நுட்பத் தாள். கறுப்பு வெள்ளையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. டெவலப்பர் என்ற கழுவும் ரசாயனம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்ற அட்டவணை ஏறத்தாழ கைரேகை மாதிரி. இரண்டு பிலிம்களின் நேரங்கள் வரிக்கு வரி ஒத்துப்போனால் மேற்கொண்டு அதிகம் தேட வேண்டியதில்லை. வண்ணத்தில் அந்தக் கைரேகை அழிந்துவிட்டது. 1972இல் கோடக் கொண்டுவந்த சி-41 முறையை உலகமே ஏற்றுக்கொண்டது. யார் பூசிய ரோலானாலும் 37.8 டிகிரி செல்சியசில் மூன்றேகால் நிமிடம் டெவலப் செய்கிறோம். எல்லாரையும் ஒரே தொட்டியில் கழுவலாம் என்ற வசதிக்கு நாம் கொடுத்த விலை அது.

வண்ணப் பிலிமின் தொழில்நுட்பத் தாளில் பார்க்க வேண்டியவை வளைகோடுகள்: ஒளிக்கு ஏற்ப அடர்த்தி ஏறும் கோடு, எந்த அலைநீளத்துக்கு எந்த அடுக்கு கண் திறக்கிறது என்ற கோடு, சாயங்களின் அடர்த்திக் கோடு. 2022 வாக்கில் அமெரிக்கத் தயாரிப்பு முத்திரையோடு புஜிபிலிம் 200 வந்தபோது அதன் தாளைக் கோடக் கோல்டு 200 தாளின் மேல் வைத்துப் பார்த்தவர்களுக்குப் புதிர் எதுவும் மிஞ்சவில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. 400க்கும் அல்ட்ராமேக்ஸுக்கும் இடையில் அதே உறவுதான். என் கணக்கில் இது வலுவான சாட்சி. ஆனால் சிறிய பெயர்களில் வரும் பிலிம்களுக்குத் தாளே இருக்காது, இருந்தாலும் அழகான வர்ணனைதான் இருக்கும்.

கேசட்டின் மேல் இருக்கும் டிஎக்ஸ் குறியீட்டைப் பலர் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 1983இல் கோடக் அறிமுகப்படுத்திய இந்த ஏற்பாட்டில் மூன்று பகுதிகள் உண்டு. கறுப்பும் வெள்ளியுமாக இருக்கும் கட்டங்கள் ஐஎஸ்ஓ வேகத்தையும் எத்தனை படம் என்பதையும் கேமராவுக்குச் சொல்கின்றன. துப்பறிய அவை உதவா. கேசட்டின் வாயருகே உள்ள பார்கோடில் ஆறு இலக்கங்கள், அவற்றில் நடு நான்கு பிலிமின் வகையைக் குறிக்கும். அதே எண், கழுவியபின் நெகட்டிவின் ஓரத்திலும் சிறு கோடுகளாகத் தோன்றும். லேபின் பிரிண்டர் அதைப் படித்துத்தான் வண்ணச் சமநிலையைத் தேர்ந்துகொள்ளும். எனவே இரண்டு பெயர்களுக்கு ஒரே எண் இருந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே பொருள் என்று சொல்லலாம். எண் வேறாக இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே எமல்ஷனுக்கு, அதாவது பிலிமில் பூசும் ஒளியுணர் கலவைக்கு, வேறு எண்ணை வாங்கி அச்சிடுவது கடினமான காரியம் இல்லை. விவாதங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்: "எண் வேறு, ஆகவே பிலிம் வேறு" என்று முடித்துவிடுவார்கள்.

கேசட்டின் உடல், டப்பாவின் நிறம் இவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கோடக் டப்பா கறுப்பு, மூடி சாம்பல். புஜி டப்பா உள்ளே தெரியும்படி வெளிர்நிறம். சமையலறையில் கடுகு போட்டுவைத்தவர்களுக்கு இது தெரியும். டப்பா எங்கே சுற்றினார்கள் என்பதைக் காட்டும், எங்கே பூசினார்கள் என்பதை அல்ல. கையால் திறக்கக்கூடிய பிளாஸ்டிக் கேசட்டில் வந்தால் சிறு நிறுவனம் சுற்றியது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

கழுவிய நெகட்டிவ்தான் எல்லாவற்றையும்விட மேலான சாட்சி. முதலில் அடி நிறம். வழக்கமான வண்ண நெகட்டிவ் ஆரஞ்சாக இருப்பது, சாயங்களின் குறைபாட்டைச் சரிக்கட்ட அடுக்குகளுக்குள்ளேயே வைக்கப்பட்ட முகமூடியால். கோடக்கின் ஆரஞ்சும் புஜியின் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றல்ல. ஒரே தொட்டியில் சேர்த்துக் கழுவிய இரண்டு ரோல்களின் படமில்லாத ஓரத் துண்டுகளை வெளிச்சப் பலகையில் ஒட்டி வைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாளில் கழுவியவற்றை வைத்தால் தொட்டியின் குணம் பிலிமின் குணமாகத் தோன்றும்.

ஆரஞ்சே இல்லாத நெகட்டிவ் வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். சான்டாகலர் 100, எலெக்ட்ரா 100 என்று வெவ்வேறு பெயர்களில் விற்ற பிலிம்கள் எல்லாம் கோடக் ஏரோகலர் IV என்ற வானூர்திப் படப் பிலிம். சான்டாகலர்காரர்கள் அதை மறைக்கவும் இல்லை. 2022இல் முன்பணம் திரட்டும்போதே ஏரோகலர் என்று சொல்லித்தான் திரட்டினார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது அந்த நேர்மை. ஆனால் ஆரஞ்சு இல்லை என்பதாலேயே ஏரோகலர் என்று முடிவு கட்டக்கூடாது, பீனிக்ஸ் 200க்கும் ஆரஞ்சு முகமூடி கிடையாது. இங்கே கைகொடுப்பது பல் துலக்குவதைப் போன்ற எளிய சோதனை: கேசட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் முன்நாக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கிழித்துப் பாருங்கள். ஏரோகலர் பாலியெஸ்டர் அடித்தளத்தில் பூசப்பட்டது. இழுத்தால் நீளும், விரல் வலிக்கும், கிழியாது. பீனிக்ஸின் அசிடேட் அடித்தளம் கிழியும். கிழிக்க மனமில்லாதவர்கள் சுருளின் விளிம்பை விளக்கை நோக்கிப் பிடிக்கலாம். பாலியெஸ்டர் கண்ணாடி இழை மாதிரி ஒளியை உள்ளே கடத்தும், விளிம்பு பளிச்சென்று தெரியும். அதே காரணத்தால்தான் இந்தப் பிலிமை வெயிலில் கேமராவில் மாட்டினால் முதல் சில படங்கள் புகைந்துபோகின்றன. யார் செய்தார் என்று தெரிந்துகொள்வதால் நடைமுறையில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இது ஒன்று போதும்: நிழலில் மாட்டுங்கள்.

சினிமாப் பிலிமிலிருந்து வருபவை தனிச் சாதி. சினிஸ்டில் 800டி, கோடக் விஷன்3 500டி-யிலிருந்து பின்பக்கக் கரிப்பூச்சை நீக்கிய வடிவம். அந்தக் கரிப்பூச்சுக்கு ரெம்ஜெட் என்று பெயர். ஒளி பின்னால் பட்டுத் திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. அதை எடுத்துவிட்டதால் தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுகிறது. ரெம்ஜெட்டை எடுக்காமல் அப்படியே சுற்றி விற்பவர்களும் உண்டு. அந்த ரோலைத் தெரியாமல் சாதாரண லேபில் கொடுத்தால் கரி தொட்டி முழுவதும் பரவி அடுத்தவர் திருமணப் படத்தில் போய் ஒட்டும். இதற்கு ஈசிஎன்-2 என்ற சினிமாக் கழுவல் வேண்டும், டெவலப்பரின் மூலப்பொருளே வேறு. கோடம்பாக்கம் லேப்களில் அந்தக் கழுவல் ஓடிய காலம் போய்விட்டது. அமெரிக்காவில் சியாட்டில் பிலிம்வொர்க்ஸ் பல ஆண்டுகள் சினிமாப் பிலிமைச் சுற்றி விற்று, எடுத்த ரோல்களைத் தானே கழுவிக் கொடுத்தது. வாங்கியவர்கள் அதை ஏதோ தனிப்பட்ட பிலிம் என்று நினைத்தார்கள். இருந்தது கோடக் 5247.

சினிமாப் பிலிமைக் கண்டுபிடிக்கத் துளைகளைப் பாருங்கள். சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமின் துளை, மூலை மழுங்கிய செவ்வகம். சினிமா நெகட்டிவின் துளை பக்கவாட்டில் வளைந்து பீப்பாய் போல இருக்கும். ஓரத்தில் படத்துக்குப் படம் எண் இருக்காது; நீளத்தை அளக்கும் நீண்ட சினிமா எண் வரிசை இருக்கும். விரலை நனைத்துப் பின்பக்கம் தேய்த்தால் கறுப்பு வரும் என்ற சோதனையை மட்டும் இனி நம்பவேண்டாம். 2025இல் கோடக் விஷன்3 பிலிம்களில் ரெம்ஜெட்டுக்குப் பதிலாக உள்ளடுக்கு ஒன்றைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. விரல் சுத்தமாக இருப்பதால் அது சினிமாப் பிலிம் இல்லை என்று ஆகாது.

கடைசிச் சாட்சி, எல்லாரும் முதலில் செய்வது: இரண்டையும் எடுத்துப் பார்ப்பது. ஒழுங்காகச் செய்தால் மதிப்பு உண்டு. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ரோலைப் பாதியில் மாற்றி அதே காட்சி, சாம்பல் அட்டை ஒன்று, ஒளியை ஓர் அளவு குறைத்தும் இரண்டு அளவு கூட்டியும். ஒரே தொட்டியில் கழுவி, தானியங்கித் திருத்தத்தை அணைத்து, இரண்டுக்கும் ஒரே அமைப்பில் ஸ்கேன். இவ்வளவும் செய்தால் "வேறு" என்று வந்த முடிவை நம்பலாம். "ஒன்றே" என்று வந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும், நல்ல பிலிம்கள் நல்ல வெயிலில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பூசியவர் ஒருவர் என்பதாலேயே பிலிமும் ஒன்று என்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கேட்ட வாய்பாட்டில் தனியாகப் பூசித் தருவதும் இந்த ஆலைகளின் தொழில்தான். லோமோகிராபியின் ஊதாநிறப் பிலிமுக்கு மஞ்சள் பெட்டியிலோ பச்சைப் பெட்டியிலோ இணை இல்லை. ஒரே வாய்பாடானாலும், குளிரூட்டிய கிடங்கில் இருந்ததும் கொள்கலனில் கோடையைக் கழித்ததும் ஒன்றல்ல. பெரிய பெயர்களுக்கு நான் கொடுக்கும் மரியாதை பெரும்பாலும் இந்தக் கிடங்குக்குத்தான்.

இருபது ரோலுக்கு வருவோம். மஞ்சளா பச்சையா என்பதில் சிக்கலே இல்லை. இரண்டும் ரோச்செஸ்டர், காலாவதித் தேதி நெருக்கமாக இருந்தால் விலை குறைந்தது எதுவோ அது. என் கடையில் அன்று பச்சை மலிவு. புஜியின் நிறம்தான் வேண்டும் என்பவர் பச்சைப் பெட்டியில் அதைத் தேடினால் கிடைக்காது. "ஜப்பான் தயாரிப்பு" என்று அச்சிட்ட சுப்பீரியாவுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். 1989இல் ரியலா என்ற பிலிமில் புஜி கொண்டுவந்த நான்காவது வண்ண அடுக்கு பின்னர் சுப்பீரியா வரிசைக்கும் வந்தது, குழல்விளக்கின் அழுக்குப் பச்சையை அடக்குவதற்காக. ரயில் நிலையங்களில் இரவு எடுக்கும் ஆசை எனக்கு உண்டு, அதற்கு இரண்டு சுப்பீரியா. சினிமாப் பிலிமை இந்தப் பயணத்துக்கு எடுக்கவில்லை. திரும்பி வந்து கழுவ இடம் தேடி அலையும் வயது போய்விட்டது. ஏரோகலரும் வேண்டாம், வெயிலில் நின்று ரோல் மாற்றவேண்டிய ஊர்களுக்குப் போகிறேன்.

பதினெட்டு பச்சைப் பெட்டிகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பி, எந்தத் தொகுதியில் பூசியது என்று காட்டும் எமல்ஷன் எண்ணைப் பார்த்தேன். பதினான்கில் ஒரே எண், நான்கில் வேறு. "எல்லாம் ஒரே புஜிதானே சார்" என்றார். நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே எண்ணில் இன்னும் நான்கு பின் அறையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.